முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே வயிறு

கீழப்பாவடிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. படித்தவர்கள் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்வார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். தென்காசிப் பக்கம் இருக்கிற அந்த ஊருக்கு இதுவரை வந்த கஷ்டமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊரில் கல்யாணப் பந்தல் போட வேண்டுமென்றால் குற்றாலிங்கத்திடம் போக வேண்டும். நாற்காலி, அண்டா, குண்டாவுக்குப் பலவேசம். டியூப் லைட்டுக்கும் மைக் செட்டுக்கும் வெயிலுகந்தான். மூன்றும் தனித்தனிக் கடை, ஆனால் ஒரே வரிசை. மூன்று பேரிடமும் வேலைக்கு ஆள் கிடையாது. கடைக்குச் சொந்தக்காரனும் அவரவர்தான், கடையைக் கூட்டுகிறவனும் அவரவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வருமான வரி விஷயமாகத் தென்காசி ஆடிட்டர் அனந்தநாராயணனைப் பார்க்க மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். அவர் ஒரு யோசனை சொன்னார்.

"மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்து வச்சுக்கோங்க. சொந்தத் தொழில் பண்றவனுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா யார் வந்து பார்ப்பா? கட்டுற பிரீமியத்தை வருமானத்துல கழிச்சுக்கலாம், வரியும் குறையும். ஒண்ணே ஒண்ணு, பணத்தைக் கையில கொண்டுபோய்க் கொடுக்கப்படாது. கையில கொடுத்தா கழிவு கிடையாது."

செக்காகவோ பேங்க் மூலமாகவோ கட்டுங்கள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். மூன்று பேரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்து மாடிப்படியில் நின்று யோசித்தார்கள்.

"கையில கொடுக்கப்படாதுங்காரே, பின்ன எதுல கொடுக்கது?" என்றார் குற்றாலிங்கம்.

"கை படப்படாது. அவ்வளவுதான விஷயம்?" என்றார் பலவேசம். "நம்மகிட்ட இடுக்கி கிடக்குல்லா."

பிரியாணி அண்டாவை இறக்குகிற இடுக்கி அது. ஒரு முழ நீளம். மறுநாள் இன்சூரன்ஸ் ஆபீஸில் குற்றாலிங்கம் அந்த இடுக்கியால் ஒவ்வொரு நோட்டாக எடுத்து மேஜையில் வைத்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"நோட்டுக்கு என்ன சார் ஆச்சு?"

"நோட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. கைதான் ஆகாது."

அந்தப் பெண் பொறுமைசாலி. பக்கத்து பேங்குக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தை அவரவர் கணக்கில் போட வைத்து, அங்கிருந்து பிரீமியம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்து கொடுத்தாள். பேங்கிலும் நோட்டு இடுக்கியில்தான் போனது. காவலாளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்து, பஸ் கிளம்பிய பிறகுதான் திரும்பினார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் குற்றாலிங்கம் இன்சூரன்ஸை மறந்தே போனார். இந்த ஆடி மாதக் கடைசியில், லாரியிலிருந்து பந்தல் கம்பு இறக்கும்போது அடிவயிற்றில் இடப்பக்கம் சுருக்கென்றது. தடவிப் பார்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகிறது, எழுந்தால் வெளியே வருகிறது. அது ஏதோ தன்னைப் பார்க்க வந்துபோகிற சொந்தக்காரன் என்பதுபோல் சில நாள் அதனோடு பழகிப் பார்த்தார். முடியவில்லை.

டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப் போட்டு, குடல் உள்ள மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. வேலைக்கு லீவு போட்டுட்டு உடனே வந்து சேருங்க."

குற்றாலிங்கத்துக்கு ஆபரேஷன்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. லீவுதான் தொண்டையில் நின்றது. டாக்டரே சொல்லிவிட்டார், லீவு போட்டுவிட்டு வரச் சொல்லி. லீவை யாரிடம் போடுவது? அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் லீவு கேட்டதில்லை. நேராக ஆடிட்டரிடம் போனார்.

ஆடிட்டர் சிரித்தார். "உமக்கு ஏதுவே முதலாளி? நீரே முதலாளி, நீரே தொழிலாளி. உம்மகிட்டயே கேட்டு வாங்கிக்கோரும்."

தான் சொன்ன ஹாஸ்யத்துக்குத் தானே மறுபடியும் சிரித்தார். குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டார்.

அன்று சாயங்காலம் பந்தல் கடையில் பலவேசமும் வெயிலுகந்தானும் சாட்சிக்கு உட்கார்ந்தார்கள். யார் பேசுவது என்று குழப்பம் வரக்கூடாதென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். துண்டு தோளில் கிடந்தால் முதலாளி. இடுப்பில் கட்டியிருந்தால் தொழிலாளி. முதலாளிக்கு நாற்காலி போட்டாயிற்று. தொழிலாளி நின்றுதான் பேச வேண்டும்.

குற்றாலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலி நாற்காலியின் முன்னால் கையைக் கட்டி நின்றார்.

"முதலாளி, ஒரு விஷயம். வயித்துல ஆபரேஷன் பண்ணணும்ங்காவ. லீவு வேணும்."

பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனேயே அவர் முகம் மாறிவிட்டது என்று வெயிலுகந்தான் பிற்பாடு சொன்னான்.

"ஆவணி முகூர்த்தம் பூராவும் அட்வான்ஸ் வாங்கி வச்சிருக்கேன். இப்ப வந்து லீவுங்க. கல்யாண வீட்டுக்காரனுக்கு நான் என்னடே பதில் சொல்ல?"

எழுந்தார். துண்டு இடுப்புக்கு வந்தது. "வலி தாங்க முடியல முதலாளி."

உட்கார்ந்தார். துண்டு தோளுக்குப் போனது. "எனக்கும்தான் வலிக்கு. நான் லீவா கேக்கேன்?"

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தொழிலாளி சாட்சிகளைப் பார்த்தார்.

"முதலாளி சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு" என்றார் பலவேசம்.

"நியாயமாவது, அண்ணாச்சி" என்றான் வெயிலுகந்தான். "தொழிலாளி வயித்துல கை வைக்கது பாவம்லா?"

"வயித்துல கை வைக்கப்போறது டாக்டருவே. அவரைக் கேளும்."

எட்டுத் தடவை உட்கார்ந்து எழுந்ததில் குற்றாலிங்கத்தின் புடைப்பு எலுமிச்சையிலிருந்து நார்த்தங்காய் ஆகியிருந்தது. கடைசியில் தொழிலாளி, "ஆறு வருஷமா ராப்பகலா உழைச்சேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கீரா?" என்று கேட்டார். முதலாளி உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தார். சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனாலும் முதலாளி என்கிற முறையில் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. "வேலையப் பாருல" என்றார்.

மறுநாளிலிருந்து தொழிலாளி வேலைநிறுத்தம் ஆரம்பித்தார். அதோடு உண்ணாவிரதமும். முதலாளிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "எங்க முதலாளிகிட்ட சொல்லும்" என்று பலவேசத்திடம் சொல்வார். பலவேசம் தெருவைச் சுற்றி வந்து அவரிடமே சொல்வார்.

மத்தியானம் அவர் மனைவி ஆவுடையம்மாள் இலை போட்டு, கரண்டியோடு நின்றாள்.

"யாருக்குப் போட?"

"முதலாளிக்கு மட்டும் போடு. அவன் உண்ணாவிரதம்."

"அப்போ அரை வயித்துக்குப் போட்டாப் போதுமா?"

குற்றாலிங்கம் யோசித்தார். "ஆமா. மிச்சம் அவன் பங்கு."

"நல்லதாப் போச்சு. மாச சாமான்ல பாதி மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் பாதி சோறுதான் போட்டாள். ரசம் ஊற்றும்போது மட்டும் கேட்டாள். "வலியாவது பாதியாக் குறைஞ்சிருக்கா, இல்ல அது ரெண்டு பேருக்கும் முழுசா?"

சாப்பிட்டு எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து தன்னிடம் வேலை பார்த்த ஒரே ஆள் அவன். பண்டிகைக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்ததில்லை. அவனும் கேட்டதில்லை. இப்படி நினைத்ததும் முதலாளிக்கு போய்ச் சமாதானம் பேசலாமா என்று தோன்றியது. தொழிலாளி முகம் கொடுத்துப் பேச மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படியே இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். நல்லவேளை, வலி காத்திருக்கவில்லை. கடையில் மடிக்காமல் கிடந்த படுதாவைத் தாண்டும்போது குற்றாலிங்கம் அப்படியே சுருண்டு விழுந்தார். வாந்தி எடுத்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. பலவேசமும் வெயிலுகந்தானும் ஓடிவந்து பார்த்தால், துண்டு தோளிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை. தரையில் கிடந்தது.

"இப்ப விழுந்தது யாருன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?" என்றான் வெயிலுகந்தான்.

"முதலாளியும் படுத்துட்டாரு, தொழிலாளியும் படுத்துட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுத்தா அது லீவுதான" என்றார் பலவேசம்.

"லீவு குடுத்தாச்சு" என்று குற்றாலிங்கம் கீழே கிடந்தபடியே முனகினார். எந்தக் குரலில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

பலவேசத்தின் லோடு ஆட்டோவில், நாற்காலிகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்துத் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குடலை உள்ளே தள்ளி, வலியை அடக்கினார்கள். காலையில் முதல் ஆபரேஷன் இவருக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் இன்சூரன்ஸ் மேஜையில் எழுதிவிட்டு வர வேண்டும்.

இன்சூரன்ஸ் மேஜையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் இருந்தான். அவனுக்கு முன்னால் மூன்று போன். மூன்றும் அடித்துக்கொண்டிருந்தன.

"பாலிசி யார் எடுத்தது?"

"முதலாளி" என்றார் பலவேசம்.

"பேஷன்ட் யாரு?"

"அவருகிட்ட வேலை பாக்குத தொழிலாளி."

பையன் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னான். "செல்லாதுங்க. எடுத்தவர், அவர் மனைவி, பிள்ளைங்க, இவங்களுக்குத்தான். வேலைக்காரங்களுக்குக் கிடையாது." சொல்லிவிட்டு நடுப்போனை எடுத்துக்கொண்டான்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. கட்டிலைச் சுற்றி இரண்டு பேரும், பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த ஆவுடையம்மாளும் கூடினார்கள்.

"ஒரு வழி இருக்கு" என்றான் வெயிலுகந்தான். "துண்டத் தூக்கி அண்ணாச்சி தோள்ல போட்டுருவோம். முதலாளிக்குத்தான் ஆபரேஷன்னு சொல்லிருவோம்."

குற்றாலிங்கம் தலையை ஆட்டினார். "கம்பு தூக்கினது அவன். வலி வந்தது அவனுக்கு. அவன் வலிய நான் என் பேருல எழுதுனா அது மோசடி இல்லையா? ஆறு வருஷமா அவன் உழைப்பத்தான் என் பேருல எழுதிக்கிட்டு இருந்தேன். இதையுமா?"

ஆவுடையம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இத்தனை வருஷ அனுபவத்தில் மூடிக்கொண்டாள்.

பலவேசம் நெற்றியைத் தேய்த்தார். "பொறும். பொண்டாட்டி, பிள்ளைங்களுக்குச் செல்லும்னு சொன்னாம்லா அந்தத் தம்பி? தொழிலாளிய முதலாளி பிள்ளையா எடுத்துக்கிட்டா?"

"சுவீகாரம்" என்றான் வெயிலுகந்தான், மெய் சிலிர்த்து.

"உமக்கும் பிள்ளை கிடையாது" என்று பலவேசம் குற்றாலிங்கத்திடம் சொன்னார். "அவனுக்கும் கேக்க நாதி கிடையாது. வேற யாரு இருக்கா அவனுக்கு?"

குற்றாலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமா?"

"ஆபரேஷன் நடக்கும்னா ஊரையே தத்து எடுத்துக்கோங்க" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. பெத்த பிள்ளைன்னாலும் சரி, தத்துப் பிள்ளைன்னாலும் சரி, இந்த வயசுல இடுப்புல தூக்க மாட்டேன்."

அடுத்த சிக்கல் சடங்கில் வந்தது. சுவீகாரம் என்றால் பிள்ளையைத் தகப்பன் மடியில் உட்கார வைக்க வேண்டும். குற்றாலிங்கம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முயன்று பார்த்தார். மடி இருக்கிற இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. போகப் போக மடியும் கூடவே நகர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தன் வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே உக்காந்துதான இருக்காரு" என்றான் வெயிலுகந்தான் கடைசியில். "முதலாளிக்கு மடி எங்க இருக்கோ அங்கதான தொழிலாளியும் இருக்கான்? இதவிட நெருக்கமா எந்தப் பிள்ளை தகப்பன் மடியில உக்காந்திருக்கு?"

சபை ஏற்றுக்கொண்டது. ஆவுடையம்மாள் பையில் இருந்த கற்கண்டை எடுத்துக் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அதைப் பலவேசமே சாப்பிட்டார்.

"பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டா?" என்றான் வெயிலுகந்தான்.

"தொழில் தொடங்குன அன்னைக்குத்தான தொழிலாளி பிறந்தான்? அதுக்கு முன்ன அவன் ஏது? ஆறு வயசு."

"ஆறு வயசா" என்று குற்றாலிங்கம் மெல்லத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுபடியும் இன்சூரன்ஸ் மேஜை.

"தம்பி, பேஷன்ட் இப்ப முதலாளியோட பிள்ளை" என்றார் பலவேசம்.

"பேரு?"

"குற்றாலிங்கம்."

"பாலிசி எடுத்தவர் பேரு?"

"குற்றாலிங்கம்."

பையன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தான். பாலிசியைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே மீசை. "ஒரே ஆள்தான. இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"முதல்ல இல்ல தம்பி. இப்பத்தான் ஆச்சு."

இரண்டு போன் ஒன்றாக அடித்தது. பையன் எல்லாவற்றையும் தட்டிவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தான். சுவீகாரத்தின் மகிமையை இரண்டு பேரும் வியந்தபடி திரும்பினார்கள். குழந்தைகள் வார்டில் இடம் கேட்டுப் பார்த்தார்கள். கட்டில் நீளம் போதாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். இருந்தாலும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளுவண்டி போகும்போது, வாசலில் விற்ற ஒரு பச்சை பலூனை வெயிலுகந்தான் அவர் கையில் கொடுத்தனுப்பினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று, தலைமை நர்ஸ் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பலவேசமும் வெயிலுகந்தானும் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"ஆறு வயசுதான் ஆகு. ஆனா பதினாறடிக் கம்ப ஒத்தையாத் தூக்கிருவான்."

"விடியக்காலம் எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வேலதான். பாவம்."

நர்ஸ் மாத்திரையைக் கீழே வைத்தாள். "யார் கடையில?"

"என் கடையிலதான்மா" என்றார் குற்றாலிங்கம்.

"ஆறு வயசுப் பிள்ளையையா கம்பு தூக்க விட்டீங்க? சட்டப்படி குத்தம் தெரியுமா? போலீஸ்ல சொன்னா உள்ள தூக்கி வச்சிருவாங்க. முதல்ல அவன வேலைய விட்டு நிறுத்துங்க. ஒழுங்கா ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேருங்க."

வழி முழுக்கக் குற்றாலிங்கம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். லீவுகூடக் கொடுக்க மறுத்தோமே, அதுவும் ஒரு பச்சைப் பிள்ளைக்கு. எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்தோமே, அது பிள்ளை அடம் அல்லவா? வீடு வந்ததும் முதல் வேலையாகத் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்தினார். மனசுக்கு அவ்வளவு லேசாக இருந்தது. ஆவணிப் பந்தலுக்கு ஆவுடையம்மாள் கூலிக்கு இரண்டு ஆள் பிடித்துவிட்டாள். அவர்கள் வயதை மட்டும் குற்றாலிங்கம் இரண்டு முறை விசாரித்தார்.

பலவேசம் ஆடிட்டருக்குப் போன் போட்டார். "சார், பிள்ளை பள்ளிக்கூட ஃபீஸையும் வருமானத்துல கழிக்கலாமா?"

"தாராளமா" என்றார் அனந்தநாராயணன். "யார் பிள்ளை?"

"நம்ம குற்றாலிங்கத்துக்குத்தான் சார். பையன் ஒண்ணாங்கிளாஸ் சேருதான்."

"அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாதே. ரொம்ப சந்தோஷம்னு சொல்லும்" என்றார் ஆடிட்டர்.

தையல் ஆறிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் விபூதி பூசி, தோளில் துண்டும் முதுகில் பையுமாகக் குற்றாலிங்கம் வீட்டிலிருந்து கிளம்பினார். ஆவுடையம்மாள் எலுமிச்சம்பழச் சாதத்தை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து, யார் குடித்த தண்ணீரையும் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பலவேசமும் வெயிலுகந்தானும் கடை வாசலில் நின்று பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டோரம் வந்ததும் குற்றாலிங்கம் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு மணல் லாரி வேகமாக வந்தது. தன் வலது கையால் தன் இடது கையை இறுக்கிப் பிடித்து, சட்டென்று ஓரமாக இழுத்துக்கொண்டார். லாரி போன பிறகும் கையை விடவில்லை. குனிந்து இடது கையிடம் இரண்டு வார்த்தை கண்டித்துச் சொல்லிவிட்டு, அதைப் பிடித்தபடியே மெதுவாக ரோட்டைக் கடந்தார்.

"பெத்த பிள்ளையக்கூட இப்பிடிப் பாக்க மாட்டானுவ" என்றார் பலவேசம்.

வெயிலுகந்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பையனும் தங்கமான பையன் அண்ணாச்சி. கூட்டிட்டுப் போற வழியில ஒரு சத்தம் போடுதானா பாரும்."